வஸ்தியான் விதானையாரின் முறைத் தண்ணீர்

மருதடி வட்டைக்கு வஸ்தியாம்பிள்ளை வட்டவிதானையாக வந்த கதையைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். கல்முனைக்கு மேற்கே, வயலும் வானமும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத பக்கம் அந்த வட்டை, ஒரே வாய்க்காலில் பாய்கிற வயல்வெளி. வயற்காரர்கள் எல்லாரும் முஸ்லிம்கள், ஒருவருக்கொருவர் மச்சான், மாமா, சம்பந்தி. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பிரித்து விடுவது வட்டவிதானையின் வேலை. யாரை அந்த வேலைக்கு வைத்தாலும், தன் மச்சானின் வயலுக்கு ஒரு சாண் தண்ணீர் கூடுதலாக விட்டான் என்று சண்டை வரும். ஒரு போகம் மம்பட்டிப் பிடியால் ஒருவரின் மண்டையும் உடைந்தது. அதன் பிறகு நடந்த கூட்டத்தில் பெரிய வயற்காரரான பதியுதீன் போடியார் எழும்பி, இந்த வட்டைக்குள் வயல் வைத்திருந்தும் ஒருத்தருக்கும் மச்சானில்லாத மனுசன் வஸ்தியான் மட்டும்தான், அவனையே வைப்போம் என்றார். தகப்பன் விட்டுப்போன இரண்டேக்கர் வயலோடு ஒரு மூலையில் கிடந்த கத்தோலிக்கன் இப்படித்தான் விதானையானார்.

வைத்த பிறகுதான் ஆட்களுக்கு விளங்கியது, தாங்கள் வைத்தது எப்படிப்பட்ட ஆளை என்று. முறை தவறித் தண்ணீரை வெட்டினால் அடுத்த முறை கிடையாது. வஸ்தியான் விதானையாரின் சட்டம் அவ்வளவுதான். முதல் போகத்திலேயே அந்தச் சட்டத்தில் மாட்டியவர் பதியுதீன் போடியாரின் மகன். கொண்டுவந்து வைத்தவனே நான்தானே என்று போடியார் வீடு தேடிப் போனார். விதானையார் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து, வெல்லக்கட்டியும் கொடுத்து, தண்ணீர் மட்டும் இல்லை என்று அனுப்பிவிட்டார். போடியாருக்குக் கோபம் ஆற ஒரு மாதம் பிடித்தது. ஆறின பிறகு, எங்கட விதானை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவரும் அவர்தான்.

ஆள் நெட்டை, வெயிலில் காய்ந்த உடம்பு. வலது கையில் சுண்டுவிரல் இல்லை, சூடடிக்கிற மெஷின் அதை எப்போதோ தின்றுவிட்டது. வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் சீமெந்தால் கட்டிய பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் பலகையை இந்தப் பக்கம் போட்டால் தண்ணீர் மேல்கண்டத்து வயல்களுக்குப் போகும், அந்தப் பக்கம் போட்டால் கடைக்கண்டத்துக்குப் போகும். பலகையைப் போட்டதும் விதானையார் அதன் இடுக்கெல்லாம் களிமண் அப்பி, உள்ளங்கையால் அறைந்து விடுவார். காய்ந்த களியில் சுண்டுவிரல் இல்லாத கை பதிந்திருக்கும். அந்தக் கை பதிந்த பலகையை மருதடி வட்டையில் ஒருத்தரும் தொடமாட்டார்கள். அரசாங்க முத்திரைக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைக்காது.

வேதத்தை வாயில் போட்டு மென்றுகொண்டு திரிகிற ஆளில்லை அவர். ஞாயிறு பூசை, வெள்ளியில் ஒருசந்தி விரதம், விதைக்க முன் வரம்பில் நின்று ஒரு சிலுவை அடையாளம், அதோடு சரி. ஒருமுறை கோயிலில் பங்குச் சுவாமி பிரசங்கம் வைத்தார். கடவுள் மனுசனிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, நியாயமாக நட, இரக்கமாக இரு, தலைக்கனமில்லாமல் அவரோடு கூட நட, இந்த மூன்றும்தான் என்றார். வீட்டுக்கு வரும் வழியில் விதானையார் மனைவி எமில்டாவிடம், முதல் இரண்டும் தன்னிடம் கிடக்கிறது, மூன்றாவதும் வேண்டிய அளவு இருக்கிறது என்று சொன்னார். எமில்டா மறுபக்கம் திரும்பிச் சிரித்தாள். அவள் ஏன் சிரித்தாள் என்று அவருக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

மருதடி வட்டையில் மணிக்கூடு பார்த்துத் தண்ணீர் திருப்புவதில்லை. பள்ளிவாசல் பாங்குதான் கணக்கு. விடியற்கால சுபஹுக்கு ஒரு வயல் மூடும், பின்னேர அஸருக்கு இன்னொன்று திறக்கும். வெள்ளிக்கிழமை மத்தியான லுஹர் பாங்கு கேட்டால் கடைக்கண்டத்து முறை முடிந்தது, பலகை மறுபக்கம் மாறும். பிறந்த நாள் முதல் பாங்கு கேட்டு வளர்ந்தவர் விதானையார். வெள்ளிக்கிழமை பாங்கு காதில் விழுந்தால் மனம் எங்கே இருந்தாலும் கை பலகையைத் தேடும்.

அந்த வருடம் சிறுபோகத்துக்குத் தண்ணீர் குறைவு. முஸ்லிம்களின் நோன்பும் கிறிஸ்தவர்களின் தபசு காலமும் ஒன்றாக வந்திருந்தன, ஊரே காலையில் அடுப்பு மூட்டாமல் கிடந்தது. கடைக்கண்டத்தின் கடைசி வயல் நதீராவுடையது. அவளுடைய புருசன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவளே இறங்கி வேளாண்மை செய்தாள். கடன்பட்டு முளை நெல் விதைத்திருந்தாள். மேலே உள்ளவர்கள் குடித்து மிஞ்சிய தண்ணீர் அவளுடைய வயலுக்கு வந்து சேரும்போது எறும்பு நனையவும் போதாது.

விதானையார் கூட்டம் கூட்டி, நோன்பு முடியும்வரை கடைக்கண்டத்துக்கு ஒரு நாள் கூட்டிக் கொடுப்போம், வெள்ளி லுஹருக்குத் திருப்பாமல் சனி அஸருக்குத் திருப்புவோம் என்றார். மேல்கண்டத்துக்காரர்கள் முணுமுணுத்தார்கள். எல்லாரையும்விடக் கூட முணுமுணுத்தவன் றிபாஸ். பிரிவுப் பெட்டியைத் தாண்டினால் முதல் வயல் அவனுடையது. இளம் ஆள், வாய் கொஞ்சம் நீளம். கடைசி வயலுக்கு இரக்கம் காட்டி முதல் வயலைக் காயப்போடுவது என்ன நியாயம் என்று கேட்டான். விதானையார் அவனுக்கு நியாயம் சொல்லிக் கொடுத்தார், வேண்டியதற்குக் கொஞ்சம் கூடவே சொல்லிக் கொடுத்தார். கடைசியில் எல்லாரும் ஓம் என்றார்கள்.

பெரிய வெள்ளி வந்தது. பின்னேரம் கோயிலில் திருப்பாடுகளை ஆள் பிரித்து வாசிப்பார்கள். இயேசுவை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிற தேசாதிபதியின் பகுதியை இந்த வருடம் சுவாமி விதானையாருக்குக் கொடுத்திருந்தார். குரல் கணீரென்று இருக்கும், அதனால்தான். விதானையாருக்கு அதில் உள்ளுக்குள் பெருமை கலந்த ஒரு புளுகம். மத்தியானம் வட்டையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போவோம் என்று வந்தவர், வாய்க்கால் கரையில் நடந்து நடந்து தன் பகுதியைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். வட்டையில் ஒரு குருவிகூட இல்லை, ஆட்கள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். அதன் பிறகு சைக்கிளை மிதித்துக் கோயிலுக்குப் போனார். வாசித்தார். ஆட்கள் மெய்மறந்து கேட்டார்கள் என்று எமில்டாவே சொன்னாள்.

மறுநாள், பெரிய சனி காலை, உயிர்ப்புப் பூசைக்குக் கோயில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவருக்கு நதீராவிடமிருந்து போன் வந்தது. அவள் அழவில்லை, குரல் மட்டும் வற்றிப்போயிருந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டு வரவில்லை, நிலம் வெடிக்குது, முளை எல்லாம் கருகுது, முறையை மாற்றிப்போட்டீர்களா என்று கேட்டாள். விதானையார் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்தார். ரோட்டால் வந்தால் முதலில் தெரிவது றிபாஸின் வயல்தான். வரவைத் துண்டுகள் எல்லாம் வரம்பு தட்டத் தண்ணீரில் மினுங்கின. றிபாஸ் மம்பட்டியோடு நடுவில் நின்றான்.

அதற்கு மேல் விதானையாருக்கு ஒன்றும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இறங்கின இறக்கத்தில் அவனைக் கள்ளன் என்றார். பக்கத்து வயல்களில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள், பதியுதீன் போடியாரும் வந்தார். தான் பலகையைத் தொடவில்லை, விடிய வந்து பார்க்கத் தண்ணீர் வந்து கிடந்தது, விதானையார்தான் மனம் மாறி விட்டிருப்பார் என்று நினைத்தேன் என்று றிபாஸ் சொன்னான்.

“நோன்போட நிண்டு பொய் சொல்லமாட்டன், விதானையார்.”

“தண்ணி தானா ஏறி வந்து உன்ட வயலுக்குள்ள படுத்துதோ? அடுத்த முறை உனக்கு இல்ல.”

 இத்தனை வருடத்தில் விதானையாரின் தீர்ப்பு ஒன்றும் பிழையானதில்லை. றிபாஸ் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒருவரின் முகத்தையும் பாராமல் போய்விட்டான்.

பலகையை மாற்றி நதீராவுக்குத் தண்ணீர் திருப்ப விதானையார் பிரிவுப் பெட்டிக்குப் போனார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். பலகை மேல்கண்டத்துப் பக்கம் திறந்திருந்தது, கடைக்கண்டத்துப் பக்கம் அடைத்திருந்தது. இடுக்கில் அப்பிய களி வெயிலில் கல்லாகக் காய்ந்திருந்தது. அதில் ஒரு கை பதிந்திருந்தது. சுண்டுவிரல் இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நேற்று மத்தியானம் இதே கரையில் நின்று தேசாதிபதியின் தீர்ப்பை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது பாங்கு கேட்டது. வெள்ளிக்கிழமை பாங்கு. வாய் தீர்ப்பைச் சொல்லச் சொல்ல, கை தன் பாட்டுக்குப் பலகையைத் தூக்கி மாற்றிக் களியும் அப்பிவிட்டிருக்கிறது. தானே கூட்டம் கூட்டி மாற்றின முறையைத் தானே மறந்துபோனார். குற்றமில்லாத ஒருவனுக்குத் தீர்ப்புச் சொல்லப் பழகிக்கொண்டிருந்த நேரத்திலேயே இன்னொரு குற்றமில்லாதவன் தீர்ப்பு வாங்கவும் வழி செய்திருக்கிறார். 

முதலில் பலகையை மாற்றித் தண்ணீரை நதீராவின் பக்கம் விட்டார். பழைய களி கையோடு பெயர்ந்து வந்தது. ஒரு தரம் தண்ணீரில் முக்கினால் போதும், கரைந்து போய்விடும். ஒருவருக்கும் தெரியாது. இத்தனை வருடம் சேர்த்த நல்ல பேர் அப்படியே இருக்கும். றிபாஸ் வாய்க்காரன், ஆட்கள் அவனை நம்பமாட்டார்கள். பாவத்தைச் சுவாமியிடம் சொல்லிவிடலாம், அது ஒரு காது, அதுவும் வெளியே சொல்லாத காது. இப்படியெல்லாம் அவருக்குத் தோன்றியது. பொய் சொல்லக்கூடாது, தோன்றத்தான் செய்தது. களியோடு அவருடைய கை தண்ணீருக்கு மேலே வந்து நின்றது. கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போன அந்தத் தேசாதிபதியை நேற்றுத்தான் ஊர் கேட்க வாசித்திருந்தார். கையை இழுத்துக்கொண்டார்.

பின்னால் பதியுதீன் போடியார் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. களியையும் பார்த்தார், விதானையாரின் முகத்தையும் பார்த்தார். விளங்கிக்கொள்ள அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

“விடு விதானை,” என்றார் மெதுவாக. “நண்டு வளையால ஒழுகினது எண்டு சொல்லுவம். றிபாஸுக்கு முறையையும் குடுப்பம். உன்ட பேர் கெட்டா நாளைக்கு வட்டையில ஒருத்தனும் சொல்லுக் கேக்கமாட்டான்.”

போடியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வட்டை குழம்பினால் மறுபடி மம்பட்டிப் பிடி எழும்பும் என்ற பயம் அவருக்கு. விதானையாருக்கும் அது தெரியும்.

“நண்டுக்கு வாய் இல்ல, போடியார். எனக்கு இரிக்கி,” என்றார்.

வயற்கரைப் பள்ளிவாசலில் அன்று மாலை நோன்பு திறக்க ஆட்கள் கூடினார்கள். கஞ்சிக் கோப்பைகளும் பேரீச்சம்பழத் தட்டுகளும் வரிசையாக இருந்தன. விதானையார் கைகால் கழுவி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, காய்ந்த களிக்கட்டியை ஒரு வாழையிலைத் துண்டில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பாங்குக்கு இன்னும் நேரமிருந்தது. காலையில் யாருக்கு முன்னால் கத்தினாரோ அவர்கள் எல்லாரும் இருந்தார்கள், றிபாஸும் ஒரு மூலையில் இருந்தான்.

களியை எல்லாரும் காணத் தூக்கிப் பிடித்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பாங்கு கேட்டதையும், தன் கை பலகையை மாற்றியதையும், வாயில் என்ன இருந்தது என்பதையும்கூடச் சொன்னார். குரல் கோயிலில் இருந்ததைப்போலக் கணீரென்று இல்லை. ஆனால் நடுங்கவுமில்லை.

“கள்ளன் எண்டது பிழை, றிபாஸ். தண்ணிய வெட்டினவன் நான். சட்டம் எனக்கும் சட்டம்தான், அடுத்த முறை என்ட வயலுக்குத் தண்ணி இல்ல. அத நீயே நிண்டு பார்த்துக்கொள். என்னைப் பொறுத்துக்கொள் எண்டு கேக்கிறன்.”

 றிபாஸ் பாயைப் பார்த்தபடி, இங்கே சொன்னது சரி, ஆனால் காலையில் சொன்னது வீடுவரைக்கும் போய்விட்டது, உம்மா கேட்டுவிட்டு இன்னும் படுத்தபடி கிடக்கிறா என்றான். அவ்வளவுதான் சொன்னான். பொறுத்தேன் என்று சொல்லவில்லை. பாங்கு கேட்டது, ஆட்கள் பேரீச்சம்பழத்துக்குக் கை நீட்டினார்கள். யாரோ விதானையாருக்கும் ஒரு கோப்பை கஞ்சி நீட்டினார். பெரிய சனி ஒருசந்தியோடு நின்றவர் அதை வாங்கி நின்ற நிலையிலேயே குடித்தார்.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. ஊரில் கிறிஸ்தவ வீடுகளெல்லாம் பலகாரம் மாற்றிக்கொண்டிருக்க, விதானையார் எமில்டாவையும் கூட்டிக்கொண்டு றிபாஸின் வீட்டுக்குப் போனார். றிபாஸின் உம்மா சுஹறா முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசல் நிலைக்குள்ளேயே நின்றா. உங்கட மகன் கள்ளன் இல்லை, பிழை செய்தவன் நான், இதை உங்களிடம் சொல்லத்தான் வந்தேன் என்று விதானையார் சொன்னார். சுஹறா உடனே குளிர்ந்துவிடவில்லை. தகப்பனில்லாமல் வளர்த்த பிள்ளை, அவனுடைய பேரைத் தவிர எங்களிடம் வேறென்ன இருக்கிறது என்று கேட்டா. விதானையார் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்.  எமில்டாவுக்கு அன்றைக்குத்தான் புருசன்மேல் என்றைக்குமில்லாத ஒரு மதிப்பு வந்தது. சுஹறா கடைசியில் இருங்கள் என்று கதிரையைக் காட்டினா.

நதீராவின் வயலில் கருகிப்போன இடத்துக்கு விதானையார் தன் வீட்டு விதை நெல்லை ஊறவைத்து முளை கட்டிக் கொண்டுபோய் வீசினார். அவள் வேண்டாம் என்று மறித்தபோது, இது தருமமில்லை தங்கச்சி, நான் கெடுத்ததை நான் திருத்துகிறேன் என்றார். அவளும் வரம்பில் நின்று பார்த்துவிட்டு, பிறகு இறங்கி மறுபக்கத்தால் வீசத் தொடங்கினாள். மற்ற முளைகள் தண்ணீர் கண்டதும் எழும்பிக்கொண்டன.

அடுத்த முறை வந்தது. விதானையார் தன் கையாலேயே வட்டை முழுவதற்கும் தண்ணீரைத் திறந்து விட்டார், தன் வயலுக்குத் தண்ணீர் நுழையும் வக்கடையை மட்டும் களி போட்டு அடைத்தார். சித்திரை வெயில் ஆளை உரிக்கிற வெயில். பச்சை பிடித்திருந்த பயிர் மத்தியானத்தில் சுருண்டது, பின்னேரமானால் விரிந்தது, பிறகு பின்னேரத்திலும் விரியாமல் நின்றது. வழியில் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோலப் போனார்கள். ஒரு பக்கத்தால் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும், மறுபக்கத்தில் அவருடைய பயிர் வாடிக் கிடக்கும். அவருக்கு நோகாமலில்லை. பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டதுபோல் நொந்தது. ஆனாலும் இரவில் நித்திரை வந்தது என்று எமில்டாவிடம் சொன்னார். கெட்ட பேரோடு படுத்தால் வராத நித்திரை, காய்ந்த வயலோடு படுத்தாலும் வருகிறது என்றார். அதில்கூட அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

மேல்கண்டத்தில் றிபாஸின் முறை வந்த அன்று அஸர் தொழுகை முடிந்த நேரம் விதானையார், அவனுடைய வயலுக்குக் கீழே கிடக்கும் தன் வயலடிக்கு வந்தார். வக்கடையில் அடைத்த களி உடைந்து கிடந்தது. வெடித்த நிலத்துக்குள் தண்ணீர் சளசளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. றிபாஸ் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு வரம்பில் நின்றான்.

விதானையாருக்குப் பழைய கோபம் சுருக்கென்று ஏறியது.

“என்ட முறை வெட்டினது, றிபாஸ். பள்ளிவாசல்ல வச்சி எல்லாருக்கும் முன்னால சொன்ன சொல்லு அது.”

“ஓம், உங்கட முறை வெட்டினது வெட்டினதுதான். அதில கதையில்ல,” என்றான் றிபாஸ். “இது உங்கட முறை இல்ல. என்ட முறைத் தண்ணி. என்ட வயலுக்குப் போதும், நான் அடைச்சிட்டன். மிச்சத்த நான் விரும்பின இடத்துக்கு விடுறன். அதுக்கும் சட்டம் வச்சிரிக்கீங்களா?”

விதானையாரிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. வட்டைக்கு விதானையான நாள் முதல் தண்ணீரைப் பிறருக்கு அளந்து கொடுத்தே பழகிய மனுசன். ஒருத்தன் தன் பங்கிலிருந்து கொடுக்க, கையேந்தி நின்று வாங்க அவருக்குப் பழக்கமில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம்.  ஆனால் கண் கலங்கியது, அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு இறங்கினார். றிபாஸிடம் கை நீட்டி மம்பட்டியை வாங்கினார். உடைந்த வக்கடையை, தண்ணீர் தாராளமாக உள்ளே வர, இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டினார்.